சொல்லும் பொருளும்: கட்டை குடித்த தண்ணீர்

பொன்னேரியிலிருந்து ஒரு நேயர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரன் எட்டாம் வகுப்பில் வாசிக்கிறான். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குத் தலைமை வகித்த பெரியவர் ஒருவர், "மாணவர்களே! நீங்கள் நல்ல பண்புகளை இம்பைப் செய்ய வேண்டும்" என்று உபதேசம் செய்தாராம். பையன் வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினான். முதல் வரியில் 'குடி, பருகு' என்று கண்டிருந்தது. அதற்குக் கீழே 'உறிஞ்சு' என்று இருந்தது. இன்னும் கீழே 'மதுபானம் செய்' என்று இருந்தது. "அப்பா, தலைவர் எங்களை என்னதான் செய்யச் சொல்கிறார்?" என்று அவன் கேட்க, நேயருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சங்கடம் ஒரு பக்கம். "நல்ல பண்புக்கும் சாராயத்துக்கும் ஒரே வினைச்சொல்லா? இந்த வார்த்தையை எங்கே எப்படிப் பிரயோகிப்பது? தமிழில் இதற்கு நேரான சொல் உண்டா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கேள்வி நல்ல கேள்வி. இதே வார்த்தையில் நாமே ஒரு தடவை கால் இடறி விழுந்திருக்கிறோம் என்பதனால், பதில் சொல்லவும் நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. விழுந்த கதையைப் பிறகு சொல்லுகிறோம். முதலில் வார்த்தையைப் பார்ப்போம்.

இம்பைப் என்பது லத்தீன் பாஷையிலிருந்து பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் 'பிபெரே' என்றால் குடித்தல். 'இன்' என்றால் உள்ளே. இரண்டும் புணர்ந்து 'இம்பிபெரே' ஆயிற்று; அதாவது, உள்ளே குடித்துக் கொள்ளுதல். பானங்களுக்கெல்லாம் பொதுப் பெயராக ஆங்கிலத்தில் வழங்கும் 'பெவரேஜ்' என்னும் சொல் இதற்குத் தாயாதி. குடியில் நாட்டமுள்ளவனைக் குறிக்கும் 'பிபுலஸ்' என்னும் சொல்லும் அதே குடும்பந்தான். பிபுலஸ் என்னும் சொல்லுக்கு மற்றோர் அர்த்தமும் உண்டு: மையை நன்றாக உறிஞ்சும் காகிதத்தையும் அவ்வாறே சொல்வார்கள். ஆக, இந்தக் குடும்பத்தில் மனிதனுக்கும் மையொற்றுக் காகிதத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை!

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தலை காட்டுகிறது. காண்டர்பரிக் கதைகள் எழுதிய சாஸர், ரசவாதியின் பணியாள் ஒருவன் சொல்லும் கதையில் இதை வைத்திருக்கிறார். அங்கே யாரும் எதையும் வாயால் குடிக்கவில்லை. ஒரு வஸ்து திரவத்தில் ஊறி அதை ஏற்றுக் கொள்ளுவதுதான் பொருள். கருத்துக்களை மனம் ஏற்றுக் கொள்ளுகிறது என்னும் பொருள் 16-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. லத்தீன் ஆசிரியர்களிடம் அந்தப் பொருளே மேலோங்கி இருந்தது. வாய் வைத்துக் குடிப்பது என்னும் பொருள் ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் பிந்தியது. மதுவைப் பற்றிக் கேலியாகச் சொல்லுவது அதனுடைய ஒரு கிளை. ஆகவே நேயரின் குமாரன் அகராதியில் கண்ட வரிசை, வார்த்தை வளர்ந்த வரிசை அன்று. அது இன்றைய அகராதிக்காரர் அடுக்கிய வரிசை. அகராதியில் முதலில் நிற்பதெல்லாம் மூத்த பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

இனித் தமிழுக்கு வருவோம். குடித்தல் என்ற ஒரு காரியத்துக்கு நம் முன்னோர் எத்தனை சொற்களை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குடி என்பது பொதுச் சொல். அருந்து என்பது மரியாதைச் சொல். விருந்தாளியை நாம் மோர் அருந்தச் சொல்லுகிறோம். பருகு என்பதில் ஆசை கலந்திருக்கிறது. அதனால்தான் அழகைக் கண்ணால் பருகலாம், ஆனால் கண்ணால் குடித்தான் என்றால் காது ஒப்புவதில்லை. மாந்து என்றால் நிறைய, ஆவலோடு. உறிஞ்சு என்றால் இழுத்து. விழுங்கு என்றால் ஒரே மூச்சில் தொண்டைக்குக் கீழே. உண் என்னும் சொல்லை இப்போது சோற்றுக்கே ஒதுக்கிவிட்டோம். வள்ளுவர் காலத்தில் அது குடிப்பதற்கும் பொது. குறளின் 93-ஆம் அதிகாரத்தின் பெயர் கள்ளுண்ணாமை என்பதை நேயர்கள் நினைவு கூரலாம். அதே நூலில் 42-ஆம் அதிகாரமாகிய கேள்வியில், செவிக்கும் ஓர் உணவு உண்டு என்று அவர் பேசுகிறார். செவிமடுத்தல் என்று இன்றும் நாம் எழுதுகிறோமே, அதில் 'மடு' என்பதற்கு உட்கொள்ளுதல் என்னும் பொருள் உண்டு. அறிவு உள்ளே செல்லும் விஷயத்தை உண்பதாகவும் பருகுவதாகவும் சொல்லுவது லத்தீன்காரருக்கு மாத்திரம் தோன்றிய எண்ணம் அன்று என்பது இதனால் விளங்கும்.

வாயில்லாப் பொருள்கள் நீரை ஏற்பதற்கும் நம்மிடம் தனிச் சொற்கள் உண்டு. மண்ணில் நீர் உள்ளே போய் மறைவதைச் சுவறுதல் என்கிறோம். பயறு நீரில் கிடந்து பருப்பதை ஊறுதல் என்கிறோம். சுவரில் ஈரம் ஏறுவதற்கு ஓதம் என்று பெயர். சமையலறையிலோ இத்தனை நுணுக்கமும் வேண்டியதில்லை. "பழைய அரிசி தண்ணீர் குடிக்கும்", "மாவு தளர்ந்துவிட்டால் பூரி எண்ணெய் குடிக்கும்" என்று நம் வீட்டுப் பெண்மணிகள் நாள்தோறும் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு எந்த அகராதியும் அவசியமாக இருந்ததில்லை.

இவ்வளவும் அறிந்த நாம்தான் ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகத்தில் தவறு செய்தோம்.

அப்போது பழவேற்காட்டு ஏரிக்கரையை அடுத்த ஒரு பள்ளியில் நமக்கு வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம். ஒரு நாள் இம்பைப் என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, மூன்று பொருளும் சொல்லி, பொருளுக்கு ஒன்றாக மூன்று வாக்கியங்கள் எழுதிவரச் சொன்னோம். மறுநாள் நோட்டுகள் மேஜைக்கு வந்தன. பெரும்பாலோர் நாம் வகுப்பில் சொன்ன உதாரணங்களையே திருப்பி எழுதியிருந்தார்கள். மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் மாத்திரம், "தி லாக் இம்பைப்ட் வாட்டர் அண்ட் பிகேம் ஹெவி" என்று எழுதியிருந்தாள். கட்டை தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிற்று என்பது கருத்து. இரண்டாவது வாக்கியமும் சரியாகவே எழுதியிருந்தாள். மூன்றாவது பொருளுக்கு எண்ணை மட்டும் போட்டுவிட்டு இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

நாம் சிவப்பு மையை எடுத்தோம். முதல் வாக்கியத்தை அடித்தோம். ஓரத்தில், 'மரத்துக்கு வாய் உண்டா?' என்று எழுதினோம். எழுதினதோடு நில்லாமல் வகுப்பில் அதைப் படித்தும் காட்டினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். "மூன்றாவது எங்கே?" என்று கேட்டோம். அவள் எழுந்து நின்றாள். "அந்த அர்த்தம் எங்க வீட்லயே இருக்குது சார். எழுதல" என்றாள். இதற்கும் இரண்டொரு பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் நாம் கேட்கும் கேள்வி எதற்கும் அவள் கை தூக்குவதில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை, பழவேற்காட்டைப் பார்க்க வந்த உறவினர் சிலரை அழைத்துக் கொண்டு ஊரைச் சுற்றினோம். டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய ஊர் அது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடமாக 1690 வரை இருந்தது. கோட்டை இன்று மண்மேடு. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மாத்திரம் நிற்கிறது. அதையெல்லாம் காட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். இப்போது கரையில் ஃபைபர் படகுகளே மிகுதி. ஆயினும் ஒரு பழைய கட்டுமரம், கயிறு அவிழ்க்கப்பட்டுத் தனித்தனிக் கட்டைகளாக மணலில் கிடந்தது. நடந்த களைப்பில் நாம் ஒரு கட்டையின் மேல் உட்காரப் போனோம். பக்கத்தில் வலை பார்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"அதுல உக்காராதீங்க வாத்தியாரே. காயப் போட்டிருக்குது."

"மரத்தைக் காயவைக்க வேண்டுமா, பெரியவரே?"

"பின்னே? நாலு நாளா ஓடின கட்டை. தண்ணி குடிச்சிருக்குது. ரெண்டு ஆள் தூக்கினது இப்போ நாலு ஆளுக்கு அசையல. பிரிச்சு வெயில்ல போட்டாத்தான் குடிச்சதைக் கக்கும். காயாம தள்ளினா மிதக்காது, முழுகித்தான் ஓடும்."

நமக்குச் சுருக்கென்றது. கட்டுமரத்துக்குப் படகைப்போல உட்குழிவு கிடையாது. மரத்தின் லேசுத்தன்மையினால்தான் அது மிதக்கிறது. மரம் நீரை ஏற்றுவிட்டால் மிதப்புக் குறைந்துவிடும். ஆகவே கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவது அந்தத் தொழிலின் முதல் பாடம். நோட்டுப் புத்தகத்தில் அடித்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் நம் காலடியில் கிடந்தது. நாம் அதன்மேல் உட்காரப் பார்த்தோம்! அந்தப் பெரியவர் யாரென்று சற்று நேரத்துக்கெல்லாம் தெரிந்தது. நம்முடைய மாணவி அவருக்குச் சோறு கொண்டுவந்தாள். தாத்தாவும் வாத்தியாரும் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு தயங்கி நின்றாள்.

"சார், இதுதான் அந்தக் கட்டை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு நாம் தாவர சாஸ்திரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். உலர்ந்த மரம், விதை, வலைநூல் முதலியன நீரை ஏற்றுப் பருப்பதற்கு அந்தச் சாஸ்திரத்தில் வைத்திருக்கும் பெயரே 'இம்பிபிஷன்'. சாஸரின் ரசவாதி உபயோகித்த பழைய பொருள், சாஸ்திரக்காரர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மரத்தின் நுண்ணறைச் சுவர்கள் செல்லுலோஸ் என்னும் வஸ்துவினால் ஆனவை. அதற்கு நீரின்மேல் மிகுந்த பற்று. உலர்ந்த மரம் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவிகிதம் வரையில் நீரை அந்தச் சுவர்களிலேயே கட்டிக் கொள்ளும். அதற்குமேல் வரும் நீர், அறைகளின் வெற்றிடத்தில் நிரம்பும். உலர்ந்த விதை நீரை இழுக்கும் வலிமையோ காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு. இரவில் ஊறப்போட்ட கொண்டைக் கடலை காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலர்ந்த மர ஆப்புகளைப் பாறையின் துளைகளில் இறுக்கி நீர் ஊற்றி, அவை பருக்கும் வேகத்தில் கல்லைப் பிளக்கும் உபாயமும் இதே தத்துவந்தான்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் முதல் காரியமாக அந்த நோட்டைக் கேட்டு வாங்கினோம். சிவப்புக் கோட்டின்மேல் 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அவளுடைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, "நான் சொன்னது தவறு, இவள் எழுதியது சரி" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னோம். மரத்துக்கு வாய் உண்டா என்று கேட்டதற்கும் வருத்தம் தெரிவித்தோம். மூன்றாவது வாக்கியத்தைப்பற்றி நாம் மறுபடியும் கேட்கவில்லை. அவள் கை தூக்குவதற்கு மேலும் ஒரு மாதம் பிடித்தது. மாணவர்களின் எதிரில் சொன்ன கேலியைத் திருப்பி எடுப்பது, கட்டையிலிருந்து தண்ணீரை எடுப்பது போலத்தான், நாட்கள் ஆகும்.

அந்த மாதத்தில் வார்த்தைப் பாடங்களை ஏரிக்கரையை வைத்தே நடத்தினோம். பழவேற்காட்டு ஏரி சுமார் 60 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இந்தியாவின் உப்பங்கழிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தது இதுவே. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலை மறைத்து நிற்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. ஆரணியாறும் காளங்கியும் மழைநீரைக் கொண்டு வருகின்றன. மழைக் காலத்தில் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கடுங்கோடையில் கடலைவிட உப்பாகும் இடங்களும் உண்டு. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக் கொண்டால் ஏரிக்குக் கடல்நீர் கிடையாது. கடல்நீரோடு வரவேண்டிய இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கிடையாது. குப்பங்களில் அடுப்பு எரிவதும் சந்தேகம். ஆகவே முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பது அங்கே வயிற்றைப்பற்றிய கேள்வி. நாம் முன்னே சொன்ன ஓதம் என்னும் சொல்லுக்குச் சுவரின் ஈரம் என்றும், கடல் என்றும், அலை என்றும், வெள்ளம் என்றும் பொருள் உண்டு. சுவர் நீரைக் குடிப்பதையும் ஏரிக்குள் கடல் ஏறுவதையும் நம் பாஷை ஒரே சொல்லால் சுட்டியிருக்கிறது.

பழைய பருத்தி வலைகளைப் பற்றியும் பேசினோம். பருத்தி நூல் நீரைக் குடிக்கும், குடித்தால் மட்கும். அதனால் அந்நாளில் வலைகளைத் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தி வந்தார்கள். நூல் சாற்றை உட்கொள்ளும்; சாறு நூலைக் காக்கும். இன்றைய நைலான் வலை நீரை மிகக் கொஞ்சமாகவே ஏற்கும். எந்தச் சாற்றையும் அதற்கு ஊட்ட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இம்பைப் என்னும் சொல்லுக்கு இணையாக 'இம்பியூ' என்று ஒன்று உண்டு. லத்தீனில் அது ஈரமாக்குதல், சாயம் தோய்த்தல் என்னும் பொருளுள்ள வேறொரு வினையிலிருந்து வந்தது. வலைநூல் சாற்றை இம்பைப் செய்கிறது. மீனவர் நூலைச் சாற்றால் இம்பியூ செய்கிறார். ஏற்பவன் செய்வது ஒன்று, ஏற்றுபவன் செய்வது மற்றொன்று. மாணவன் முன்னதைச் செய்ய வேண்டும். உபாத்தியாயன் பின்னதைச் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி எழுதும் பிழை பரீட்சைத் தாள்களில் ஏராளம்.

மனம் ஏற்பதற்கு உதாரணம் கேட்டபோது, பழவேற்காட்டுப் பிள்ளைகளிடம் நாம் ஒரு கேள்வி போட்டோம். "உங்கள் சட்டைப் பையில் துட்டு இருக்கிறதா?" என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். துட்டு என்பது 'டயிட்' என்ற டச்சுச் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்த சொல். டச்சுக்காரர் 1825-இல் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய கோட்டை போய்விட்டது, காசும் போய்விட்டது. காசின் பெயரைத் தமிழ் குடித்துவிட்டது. அதைச் சொல்லும் பிள்ளை எவனும் தான் டச்சுச் சொல் பேசுவதாக நினைப்பதில்லை. இம்பைப் என்னும் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முயன்று, மனப்பாடம் செய்து, பரீட்சைக்காக ஏற்றுக் கொள்ளுவது அதனுள் அடங்காது. சூழ இருப்பதிலிருந்து, மெள்ள மெள்ள, தனக்கே தெரியாமல் உட்கொள்ளுவதைத்தான் அது குறிக்கிறது.

இதனால்தான் வீட்டில் பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு நீதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, மற்ற நேரமெல்லாம் வேறு மாதிரி நடந்தால், அவர்கள் உட்கொள்ளுவது மற்ற நேரத்தைத்தான். வகுப்பில் நம் கேலிக்குச் சிரித்த பிள்ளைகள் நம்மிடமிருந்து எதை இம்பைப் செய்தார்கள் என்று எண்ணும்போது இன்றைக்கும் நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒன்றை அல்ல; எளியவர் பேச்சைக் கண்டு நகைக்கலாம் என்பதையே அவர்கள் கற்றுக் கொண்டிருப்பார்கள்.

இனி மூன்றாவது பொருள். ஆங்கிலத்தில் ஒருவன் மது அருந்தினான் என்று நேரே சொல்லக் கூச்சப்படும் இடத்தில், 'சற்று இம்பைப் செய்திருந்தான்' என்று நாசூக்காகவும் கேலியாகவும் சொல்லுவார்கள். நம்மவர்களும் இந்தக் கலையில் இளைத்தவர் அல்லர். தண்ணீர் என்கிறார்கள், தீர்த்தம் என்கிறார்கள், மருந்து என்றும்கூடச் சொல்லுகிறார்கள். வார்த்தைக்கு வெள்ளை வேஷ்டி கட்டிவிட்டால் காரியமும் சுத்தமாகிவிடும் என்று எண்ணம் போலும்! இந்த முகமூடி யாரிடம் பலிக்கிறது என்று யோசித்தால், கேட்பவர்களிடமும் சொல்லுபவர்களிடமுந்தான். வீட்டில் காத்திருப்பவர்களிடம் பலிப்பதில்லை. அந்தப் பெண் காலியாக விட்ட வரி, நாம் வகுப்பில் சொன்ன எல்லா விளக்கங்களையும்விடத் தெளிவாக இருந்தது.

இந்த நாட்டில் குடி என்னும் சொல் வெறும் அகராதி விஷயமாக இருந்ததில்லை. ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கிற்று. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. பிறகு மீண்டும் போயிற்று. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசாங்க நிறுவனமே நடத்தி வருகிறது. சட்டம் வருவதும் போவதுமாக இருந்தாலும், வீட்டுக்கு வரவேண்டிய கூலி வழியிலே சுவறிப் போவது மாத்திரம் நின்றபாடில்லை. ஆகவே ஒன்று சொல்லுவோம். நாசூக்கான அந்த ஆங்கிலப் பிரயோகத்தைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். படிக்கும்போது புரிய வேண்டும். நீங்கள் எழுதும்போது குடித்தான் என்றால் குடித்தான் என்றே எழுதுங்கள்.

இணைச் சொற்களை எப்படிப் பிரிப்பது என்பதையும் நேயர் கேட்டிருக்கிறார். 'ட்ரிங்க்' என்பது பொது, எங்கும் செல்லும். 'ஸிப்' என்பது சூடான காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது. 'கல்ப்' என்பது ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் அதே காப்பியை விழுங்குவது. 'க்வாஃப்' என்பது மாந்துவது. பெரும்பாலும் கதைகளிலேயே அகப்படும். 'ஸோக்' என்பது ஊறுவது. 'அப்ஸார்ப்' என்பது உறிஞ்சித் தன்னுள்ளே மறைத்துக் கொள்ளுவது. மணல் மழையைச் செய்வது இது. 'அஸிமிலேட்' என்பது உட்கொண்டதைச் செரித்துத் தன்மயமாக்குவது. இம்பைப் என்பது அப்ஸார்ப் என்னும் சொல்லுக்கும் அஸிமிலேட் என்னும் சொல்லுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே வந்துவிட்டது, ஊறிக் கொண்டிருக்கிறது, இன்னும் இரத்தமாகவில்லை.

தமிழில் ஒரே சொல்லால் எல்லா இடத்திலும் இதை மொழிபெயர்க்க முயல வேண்டாம். மரம் என்றால் 'குடித்தது' என்று எழுதுங்கள். மண் என்றால் நீர் 'சுவறியது' என்று எழுதுங்கள். பண்பு என்றால் 'உள்வாங்கிக் கொண்டான்' என்பது போதும். 'அவனுக்குள் ஊறியது' என்பது இன்னும் நன்று. 'தாய்ப்பாலோடு பருகினான்' என்றும் சொல்லலாம். அதைவிடப் பொருத்தமான பிரயோகத்தை நாம் ஆங்கிலத்திலும் கண்டதில்லை.

கடைசியாக, நேயருடைய குமாரனுக்கு ஒரு வார்த்தை. தாவர சாஸ்திரப் புத்தகத்தில் அன்றிரவு நாம் படித்த மற்றொரு விஷயமும் உண்டு. உயிருள்ள விதையும் நீரைக் குடித்துப் பருக்கும். உயிரற்ற விதையும் நீரைக் குடித்துப் பருக்கும். முதல் நாள் பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. சில நாள் சென்றபின் ஒன்று முளைத்திருக்கும், மற்றொன்று அழுகியிருக்கும். ஆகவே தம்பி, விழாத் தலைவர் சொன்னதில் தவறில்லை. நல்லதை இம்பைப் செய். அதோடு நின்றுவிடாமல் முளைக்கவும் செய். உன் உபாத்தியாயர் எழுதும் சிவப்பு மையில் உனக்குச் சந்தேகம் தோன்றினால், மரியாதையாக எழுந்து கேள். தவறு அவருடையதாகவும் இருக்கலாம்.

அந்தப் பழவேற்காட்டுப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற தை மாதம் நம்மைப் பார்க்க வந்திருந்தாள். தாத்தாவின் கட்டுமரம் என்ன ஆயிற்று என்று விசாரித்தோம். "வித்துட்டாங்க சார். இப்போ ஃபைபர் படகு. அது தண்ணி குடிக்காது" என்றாள். பிறகு சற்று நிறுத்தி, "அப்பாவும் இப்போ ஒரு வருஷமாக் குடிக்கல சார்" என்றாள்.

அடுத்த வாரம் 'அஸிமிலேட்' என்னும் சொல்லைத் தனியே எடுத்துக் கொள்ளுவோம்.